காவிரிக்குப் போட்ட நீலம்

அறுபதுகளில் அப்பா பாக்ஸ் கேமராவில் எடுத்த படம். காவிரிப் படித்துறையில் நானும் தம்பி சீனுவும், பின்னால் புதுவெள்ளம்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் போட, இன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஆற்றுக்கு நீலம் போட்டிருந்தார் கடைக்காரர்.

"நீலம் இல்லைங்க. செம்மண்ணைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு."

"நீலம்தான் சார் அழகா இருக்கும்."

"படம் எடுத்த கொஞ்ச நேரத்துல தம்பி வழுக்கி விழுந்துட்டான். தண்ணி தெளிஞ்சிருந்தா அப்பா அவனைப் பிடிச்சிருப்பாருங்க."

அவர் கம்ப்யூட்டரில் ஆற்றைச் செம்மண் நிறமாக்கினார். பிறகு மெதுவாக, "தம்பி சட்டை என்ன கலருங்க சார்?" என்றார்.

எனக்கு ஞாபகமில்லை.

அப்பாவும் அம்மாவும் இல்லை. யாரிடம் கேட்பது? சட்டையை மட்டும் சாம்பலாகவே விட்டுவிடச் சொன்னேன். நீங்களாக இருந்தால் என்ன நிறம் சொல்லியிருப்பீர்கள்?