தீயணைப்புத் தொட்டியின் தண்ணீர்

செம்பரம்பாக்கம் ஏரியின் தரையை நான் பார்த்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு கோடையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்திலிருந்து பாதியில் இறங்கிக் கரைமேல் ஏறினேன். கடல் மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த மண். அதன் நடுவே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அது தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தபோதுதான் ஏரி எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

அப்போது மண்ணூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பொறியாளராக இருந்தேன். அவசரகாலத் திட்டத்தை எழுதியது நான்தான். என்னவெல்லாம் நடக்கலாம் என்று வரிசைப்படுத்துவது எனக்குப் பிடித்த வேலை: தீ, எரிவாயுக் கசிவு, மின்கசிவு, வெடிகுண்டு மிரட்டல், வாசலில் கூட்டம் கூடுதல். மழை பொய்ப்பது அதில் இல்லை. பருவநிலை மாறுகிறது என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் எப்போதாவது வரும். எங்கள் கூட்டங்களில் யாரும் அதைப் பேசியதில்லை.

பின்சுவரை ஒட்டித் தீயணைப்புத் தொட்டி இருந்தது. உள்ளே ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதற்குக் கீழே போனால், தீப்பொறி பறக்கும் வெல்டிங் லைனை நிறுத்திவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பம்பை ஓட்டி, ஹோஸில் தண்ணீரைப் பீய்ச்சிச் சோதிக்க வேண்டும். பீய்ச்சிய தண்ணீர் மண்ணில் போகும். மழை பெய்த காலத்தில் யாரோ வகுத்த விதி அது. அந்தக் கோடையிலும் தவறாமல் செய்தேன். குறைந்ததை டேங்கர் லாரி நிரப்பும். லாரிக்குத் தண்ணீர் அக்கம்பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து வந்தது. சென்னைக்குப் போகும் டேங்கர்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்து போவதை அந்த மாதங்களில் பார்த்தேன். அதுவரை பணம் ஏற்றிய வண்டிக்குத்தான் அப்படிக் காவல் பார்த்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஊர்ப் பெண்கள் குடங்களோடு சாலையில் உட்கார்ந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரிகள் இரண்டையும் மறித்துவிட்டார்கள். தெருக்குழாய் வறண்டு பல நாளாகியிருந்தது. எங்கள் தொழிற்சாலையின் செக்யூரிட்டி அதிகாரி ராணுவத்திலிருந்து வந்தவர்.

“மேடம், நீங்க எழுதினதுதான். வாசலில் கூட்டம். ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிட்டேன். ஜீப் வந்து எல்லாரையும் அள்ளிட்டுப் போயிடும்” என்றார்.

முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லவும் என்று எழுதியதும் நான்தான். வெளியே போனேன். நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“இன்னா மேடம், இன்னிக்கி வெள்ளிக்கெழம. தண்ணிய தரையில ஊத்துற நேரமாச்சே, இங்க இன்னா பண்ற?”

பெண்கள் சிரித்தார்கள்.

“அது டெஸ்ட்டும்மா.”

“பாசா, பெயிலா? எங்க ஊரு கெணத்துத் தண்ணிய எங்க கண்ணெதிர்லயே மண்ணுல கொட்டிகினு கீறீங்க. டெஸ்ட்டாம்!”

திரும்பி செக்யூரிட்டி அதிகாரியிடம் வந்தேன்.

“சார், இன்னைக்கு டெஸ்ட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பீய்ச்சுவோம்” என்றேன்.

“இப்பவே கோட்டை ஒட்டித்தான் இருக்கு. லாரியும் உள்ள வரல. பட்டாளத்துல அவசரத்துக்கு வெச்ச ரிசர்வ்ல கை வெச்சா தோலை உரிச்சிடுவான், மேடம்.”

“எந்தப் பக்கம் பீய்ச்சினாலும் குறையப்போறது அதே தண்ணிதானே?”

“அப்ப ஹோஸ் நாசிலை நான் பிடிக்கிறேன். நீங்க பிடிச்சா பறந்துடுவீங்க.”

பெண்களைக் கூப்பிட்டுப் பின்பக்கக் கேட்டைத் திறந்தோம். குடிக்க ஆகாது, புழங்கலாம் என்று சொன்னேன். குடங்களை வரிசையாக வைத்தார்கள். பம்ப் ஓடியது. முதல் பீய்ச்சலிலேயே குடங்கள் எகிறித் தரிசில் உருண்டன.

“யோவ் மிலிட்டிரி! குடத்தையா சுடுற?” பெண்கள் அவற்றின் பின்னால் ஓடினார்கள்.

அந்த அழுத்தம் எனக்கு வாரந்தோறும் பார்க்கிற ஓர் எண். அதன் முன்னால் ஒரு குடத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“மேல தூக்குங்க சார்!”

நாசில் நிமிர்ந்தது. தண்ணீர் வேப்பமரத்தைத் தாண்டி ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, உடைந்து, மழையாக இறங்கியது.

காலிக் குடங்களில் சொட்டுகள் மோதும் ஓசை மட்டும். நைட்டிக்காரப் பெண் கண்ணை மூடி முகத்தை அண்ணாந்து நின்றாள். போலீஸ் ஜீப் வந்து ஈரத்தின் விளிம்பில் நின்றது. ஓட்டுநர் வைப்பரைப் போட்டார். ஒருவரும் இறங்கவில்லை.

ஒரு பெரிய மோட்டார், இத்தனை டீசல், இத்தனை குழாய். எல்லாம் சேர்ந்து ஒரு தெருவின் அகலத்துக்குச் சில நிமிடங்கள் பெய்ய வைக்கிறது. ஒரு மாவட்டம் முழுவதும் நாள்கணக்கில் பெய்வதற்கு வானம் என்ன செய்கிறது? அது செய்யாமல் விட்டால் எந்த ரிசர்வ் தாங்கும்? படித்த கணக்கு எதுவும் அந்த அளவுக்குக் கிட்டே வரவில்லை.

பம்ப் நின்றதும் அவள் கேட்டாள். “அடுத்த டெஸ்ட்டு எப்போ?”

“அடுத்த வெள்ளிக்கிழமை.”

“லாரி ரெண்டு கீது. ஒண்ணு எங்க தெருவுக்கு, ஒண்ணு உனுக்கு. இன்னா சொல்ற?”

அதற்குச் சம்மதிக்க எனக்கு அதிகாரம் இல்லை. “சரி” என்றேன்.

சாலைக்குப் போய், லாரிகள் முன் இன்னும் உட்கார்ந்திருந்தவர்களிடம் “எழுந்திருங்கடி!” என்றாள். ஜீப்பும் திரும்பிப் போனது.

ஒரு லாரித் தண்ணீர் ஊற்றியும் தொட்டியின் மட்டம் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. வெல்டிங் லைனை நிறுத்தச் சொன்னேன். மேலாளர் போனில் கேட்டார்: “நெருப்பே இல்லாம லைனை நிறுத்திட்டியாம்மா?”

“தண்ணி கோட்டுக்குக் கீழ இருக்கு சார்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு எந்தக் கிணத்துல தண்ணி இருக்கும்னு தெரியல சார்.”

அவர் போனை வைத்தார். இயந்திரங்கள் நின்ற கூடத்துக்குள், ஊர்த் தெருவில் நின்ற இன்னொரு லாரியைச் சுற்றி நடந்த சண்டை தெளிவாகக் கேட்டது. “என் கொடம் முன்னாடி வெச்சது!” “இன்னாடி, மிலிட்டிரி சுட்டு உருண்டதெல்லாம் ஒன் கொடமா?”