அம்புரோஸ் பார்த்துச் சொன்ன வண்டி

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபத்தில் யார் வண்டி எடுத்தாலும், அது பழைய லாரியாக இருக்கட்டும், மூன்று கை மாறிய மோட்டார் சைக்கிளாக இருக்கட்டும், அம்புரோஸ் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கைமாறாது. யுத்த காலத்தில் துறைமுகத்தில் ராணுவ லாரி ஓட்டியவர் அவர். யுத்தம் முடிந்தபின் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேன் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோவில் வாசலில் யாராவது வண்டியோடு காத்திருப்பார்கள். சலவைச் சட்டை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்காருவார். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் வரை ஓட்டிப்போய்த் திரும்புவார். இறங்கியதும் ஒரே சொல்தான். "எட்த்துக்கோ" அல்லது "வாணாம்". கூலி ஒரு கிளாஸ் டீ.

அந்த ஒரு சொல்லுக்காகப் பத்துப் பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது? வாரத்தில் ஆறு நாள் ஏஜென்சி குமாஸ்தா "ஏய் டிரைவர்" என்று கூப்பிடுகிற மனிதர். ஏழாவது நாளாவது பெரிய மனிதராக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஐம்பத்து நாலாம் வருஷம் பக்கத்து வீட்டுக் குணசேகரன் ஒரு யோசனையோடு வந்தான். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் நிரந்தர வேலை பார்த்தவன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனி, டாக்ஸி ஓட்டப் புதுக் கார்களைக் குத்தகைக்கு விடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தான். ஆயிரம் ரூபாய் டெபாசிட், மாதம் நூற்றெழுபது ரூபாய் வாடகை, இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். கெடு முடிந்து வண்டியை ஒப்படைத்தால் டெபாசிட் திரும்ப வரும். அதையே கட்டி அடுத்த புது வண்டியை எடுக்கலாம். வேலையை விட்டால் கைக்கு வரும் பணமும், மனைவி கெங்கம்மாவின் சங்கிலியும் சேர்ந்தால் ஆயிரம் தேறும்.

"வேலைய உட்றதுனா சும்மாவா அண்ணாத்தே? நீ பாத்து சொல்லு. நீ வாணாம்னா நான் கிரேனாண்டயே கெடக்கறேன்" என்றான்.

அம்புரோஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனி ஏஜெண்டு கறுப்பு நிறப் புதுக் காரோடு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலுக்கு வந்தபோது அவனைக் குடைந்து எடுத்துவிட்டார். இன்ஜின் படுத்தால் யார் செலவு? டயர் தேய்ந்தால்? கப்பல் வராமல் சவாரி குறைகிற மாதத்தில் வாடகைக்குத் தவணை உண்டா? வண்டி கம்பெனிப் பட்டறையில் கிடக்கிற நாளுக்கு வாடகை கழியுமா? ஏஜெண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னான். பிறகு எண்ணூர் ரோட்டில் ஓட்டம். மாதத்தில் இருபது நாள் ஓடினாலே வாடகையும் பெட்ரோலும் போக வீட்டுக்கு நூறு ரூபாய் நிற்கும் என்று மனக்கணக்குப் போட்டார். அது தப்பான கணக்கு இல்லை.

குணசேகரன் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டினான். "இதயும் ஒரு தபா பாத்துடு அண்ணாத்தே."

மூன்று பக்கம், முழுக்க இங்கிலீஷ். அம்புரோஸுக்குத் தன் பெயரை இங்கிலீஷில் எழுதத் தெரியும், கப்பல் பெயர்களை எழுத்துக்கூட்டத் தெரியும். அவ்வளவுதான். கோவில் வாசலில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புரட்டும் வேகத்தில்கூட ஒரு நிதானத்தை வைத்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும் காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

"எட்த்துக்கோ" என்றார்.

குணசேகரன் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தான். முதல் சவாரிக்கு அம்புரோஸையும் அவர் மனைவி எல்சியையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு வருஷம் ஒரு மாத வாடகையும் நிற்கவில்லை. எண்ணெய் மாற்றுவதில் ஒருநாள் தவறவில்லை. இன்ஜின் புது மெருகு குலையாமல் ஓடிற்று. இரவில் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல்.

ஒப்படைக்க வேண்டிய அன்று கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கதவின் அடிப்பக்கத்தைத் தடவினார். மட்காட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். பெயிண்ட் பொருக்காக உதிர்ந்து விரல் உள்ளே போயிற்று.

"துரு. டெபாசிட் கிடையாது" என்றார்.

"இன்னா சார் சொல்றே? இன்ஜின பாரு சார்!" என்றான் குணசேகரன்.

"இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஆனால் பாடி துருப்பிடித்தால் டெபாசிட் கம்பெனிக்குச் சேரும். ஒன்பதாவது ஷரத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

அம்புரோஸ் பக்கத்தில்தான் நின்றார். துருவை ஒரு பழுதாகவே அவர் நினைத்ததில்லை. கல்மண்டபத்தில் யாரும் நினைத்ததில்லை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், தண்ணீர்க் குழாய் துருப்பிடிக்கும், வண்டியும் துருப்பிடிக்கும். அவருடைய வேனின் பின்கதவைக் கம்பி போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஓடுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. கடலோரத்தில் இரண்டு வருஷம் நின்ற வண்டி துருவில்லாமல் திரும்பாது என்பது சென்னையிலேயே வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வரியை மட்டும் படித்திருந்தால் ஒரே நொடியில் "வாணாம்" என்றிருப்பார்.

வண்டி போயிற்று. குணசேகரன் பழைய கிரேன் பிரிவுக்குப் போய்க் கேட்டான். அந்த இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று என்றார்கள். அதே துறைமுகத்தில், அதே கிரேனுக்குக் கீழே, தினக்கூலிக்கு மூட்டை சுமந்தான். அம்புரோஸ் வேனில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசைக்கே போய், கூட்டம் சேருமுன் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் குணசேகரன் வீட்டுக்கே வந்தான். தோளில் மூட்டை அழுத்திய தழும்பு. கையில் ஒரு காகிதம்.

"தண்டியார்பேட்டையில ஒர்த்தரு பழைய டாக்ஸி ஒண்ண குத்தகைக்கு குடுக்குறாராம். டெபாசிட் எரநூறுதான். கெங்கம்மா அவங்கண்ணனாண்ட கேட்டு வாங்கிட்சி. 'அண்ணாத்தே பாக்காம கையெழுத்து போடாதே'ன்னு அதான் சொல்லி அனுப்பிச்சி."

அம்புரோஸ் காகிதத்தைத் தொடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சட்டையைப் பிடித்திருந்தாலும் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"கொணா, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுடா. அன்னிக்கு நான் அந்தக் காயிதத்த படிக்கல. சும்மா பெரட்டினேன். அத்தினி பேரு முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வெக்கமா பூட்ச்சி."

குணசேகரன் காகிதத்தை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான்.

"எங்க கிரேன் ஆபீசுல கணக்கு எழுதுற ஜாபர் பாய், நீ பாக்கறதுக்கு மின்னாடியே அத்த படிச்சி சொன்னாரு. துரு புட்ச்சா டெபாசிட் பூடும்டா, கடலாண்ட கீறவன் இத எடுக்காதடான்னு."

"அப்ப ஏன்டா என்னாண்ட சொல்லல?" அம்புரோஸ் எழுந்தே விட்டார். "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ மூணு பக்கமும் பாத்தியே அண்ணாத்தே. ஒண்ணும் சொல்லல. பாய்க்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும், அண்ணாத்தே பாத்துட்டு எட்த்துக்கோன்றாரே, அப்ப அது ஒண்ணும் பெர்சில்லன்னு நெனச்சிகினேன்."

எல்சி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான், வரேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகும் வழியில் பார்த்தால் அம்புரோஸை அவன் அண்ணாத்தே என்றுதான் கூப்பிட்டான். தண்டியார்பேட்டை டாக்ஸிக் காகிதத்தை மட்டும் ஜாபர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.