பூதத்துக்குப் போன முடி

மாயக் கதைகள் குழந்தைகளின் அறிதிறனை வளர்க்கின்றன, தன்மதிப்பை உயர்த்துகின்றன என்று எங்களுக்கு ஒருமுறை இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எங்களுக்கு என்றால் ஆசிரியர்களுக்கு. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி அரக்கோணம் போய் அறிவியல் நடத்துகிறவன் நான். அந்தப் பயிற்சியில் எனக்கு நினைவிருப்பது இரண்டாம் நாள் போட்ட வெஜிடபிள் பிரியாணி மட்டும்தான். கருத்துப் படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூதமும் பறக்கும் குதிரையும் பிள்ளைகளைக் குட்டிச்சுவராக்கும் என்ற என் கொள்கையோடு வீடு திரும்பினேன்.

கொள்கையில் நான் கறார். என் மகளுக்குப் படுக்கையில் நான் சொன்ன கதைகள் நீர்ச் சுழற்சி, ஒளிச்சேர்க்கை ஆகிய இரண்டு மட்டுமே. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். அதை என் கற்பித்தலின் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே முருகன் கோயில் மலை தெரிந்தது. வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டி மூடநம்பிக்கையை ஒழிக்கிற இதே வாய், யாருக்கும் கேட்காமல், ‘முருகா, இவளைக் காப்பாத்து, இவ முடியைக் கொடுத்துடறேன்’ என்றது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். நானும் அதைத்தான் நம்பினேன். இருந்தாலும் முருகனோடு வம்பு வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

அவள் முடி இடுப்பைத் தொடும். எங்கள் ஊரில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் சந்தனம் பூசிய தலைகள்தான் நாலாபக்கமும். ஆனால் அவையெல்லாம் வெளியூர்த் தலைகள். சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விடும். உள்ளூர்ப் பிள்ளைதான் அந்தத் தலையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும். இதை யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

மலைமேல், முடி இறக்குகிற இடத்தில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றியபோதுதான் அவள் கேட்டாள்.

“நைனா, வேண்டிக்கினது நீதானே?”

“ஆங்.”

“அப்ப நீ அடிச்சிக்கோ.”

கத்தியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. முடி இறக்குகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான், “சாமிக்கு நல்லதா கொடுக்கணும்டா கண்ணு. நைனா தலையில பாதி ஏற்கெனவே போச்சு பாரு” என்று சமாளித்தேன். கேட்டவர்கள் ரசித்தார்கள். அவள் மட்டும் சத்தமில்லாமல் அழுதாள்.

திங்கட்கிழமை சிவப்புத் தொப்பி ஒன்று வாங்கிப் போட்டு அனுப்பினேன். சாயங்காலம் அது புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்தது. யாரோ பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். மொட்டைத் தலையைக் கண்டால் தட்டிப் பார்க்காத கை எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது? மறுநாள் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, போக மாட்டேன் என்று நின்றாள். நான் அவளுக்கு விளக்கினேன். “முடின்றது செத்த செல்லும்மா. வெட்டினா வலிக்குதா? செத்த செல்லுக்காக யாராவது அழுவாங்களா?” அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். புதன்கிழமை தொப்பி இல்லாமலேயே பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். அறிவியல் விளக்கத்தின் சக்தி என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் பள்ளித் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“சார், உங்க பொண்ணு கதை சொல்றா.”

சில நாட்களாக வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு அல்லோலகல்லோலப்படுகிறதாம். ஒரு பையன் மொட்டை அடித்தால்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டானாம். ஒரு சிறுமி தன் சடையின் நுனியைக் கத்தரித்துக் கொண்டுபோய் மலையின் முதல் படியில் வைத்துவிட்டு வந்தாளாம். எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள். காரணமான கதையைத் தலைமை ஆசிரியை ஒருவித நடுக்கத்தோடு சொன்னார்.

மலைக்குள்ளே ஒரு பூதம் இருக்கிறது. அதற்கு எப்போதும் குளிர். மேலே இறக்குகிற முடியெல்லாம் உள்ளே விழ, பூதம் அதைத் தறியில் போட்டுப் போர்வை நெய்கிறது. (என் மனைவி பள்ளிப்பட்டுக்காரி, அவள் பிறந்த வீட்டில் தறி உண்டு.) வெளியூர் முடி சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால் உள்ளூர் முடியைப் பூதமே பார்த்துத் தேர்ந்தெடுக்கும். பேன் உள்ள முடியைத் திருப்பி அனுப்பிவிடும். முடி கொடுத்தவர்களுக்குப் பதிலுக்கு அது ஒரு காது தரும். அது தலைக்குள் இருக்கும், வெளியே தெரியாது. மொட்டைத் தலையைச் சுவரில் வைத்தால் தூரத்தில் வருகிற ரயிலெல்லாம் கேட்கும்.

பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான். இடைவேளையில் பிள்ளைகள் வரிசையாக நின்று சோதித்திருக்கிறார்கள். அவள் சுவரில் தலையை வைத்து, “திருப்பதி வண்டி, இன்னும் ஆறு நிமிஷத்துல” என்பாள். வரும். ஒருநாள் வரவில்லை. “திருவாலங்காட்டு ரயில்வே கேட்டுல கரும்பு லாரி மாட்டிக்கினு கீது. பூதம் தள்ளிகினு கீது” என்றிருக்கிறாள். பதினைந்து நிமிடத்தில் வண்டி வந்தது. அன்றிலிருந்து யாரும் அவள் தலையைத் தட்டுவதில்லை. தொட்டுக் கும்பிடுகிறார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஓடிப் பிடிப்பதற்காக எங்கள் சமையலறைக் கதவில் ரயில் நேரங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். அட்டையில் கடிகாரம் செய்து, முள்ளைத் திருப்பித் திருப்பி ஒரு வருடம் கத்தியும் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே காலுக்கு எத்தனை நிமிடம் என்று இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது பதினான்கு வண்டிகளை மனப்பாடமாக வைத்து, பள்ளிக் கடிகாரத்தைப் பார்த்து, மனத்துக்குள்ளேயே கழித்து நிமிடம் சொல்கிறாள். பயிற்சியில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் போலும். எனக்குத்தான் பிரியாணி வாசனை மூக்கில் ஏறியிருந்தது.

இவ்வளவும் புரிந்த பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னை ஓர் அறிவியல் ஆசிரியராகப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கே அவளே வகுப்புல எழுந்து, சொன்னதெல்லாம் பொய்னு சொல்லுவா மேடம்” என்று வாக்குக் கொடுத்தேன்.

சொன்னாள். சொல் பேச்சு கேட்கிற பிள்ளை. நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரியை ஒரு பிழையுமில்லாமல் ஒப்பித்தாள் என்று தலைமை ஆசிரியை போன் செய்து பாராட்டினார்.

மறுநாள் காலை அவள் பையின் அடியிலிருந்து அந்தச் சிவப்புத் தொப்பியை எடுத்து, நீவி, காது வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அது இறங்கவே இல்லை. வீட்டிலும் அதோடுதான் சாப்பிட்டாள், அதோடுதான் படுத்தாள். ரயில் சத்தம் கேட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நீர்ச் சுழற்சியை ஆரம்பித்தால், “தெரியும் நைனா” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த என் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நீங்க பயந்தீங்க, அவ முடியக் கொடுத்தீங்க. அவ பட்ட அசிங்கத்துக்கு அவளே ஒரு மருந்து கண்டுபுடிச்சா. இன்னா நோவுது உங்களுக்கு, அந்த மருந்தையும் புடுங்கினீங்க?”

வெட்கமாக இருந்தது. பூதத்தைப் பொய் என்று பிள்ளையை ஒப்புக்கொள்ள வைத்தேனே, ஆஸ்பத்திரி ஜன்னலில் நான் பேசியதைப் பொய் என்று எந்த வகுப்பிலாவது எழுந்து நின்று சொன்னேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் மலையேறினேன். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. பாதியிலேயே மூச்சு வாங்கியது. முடி இறக்குகிறவர் அதே ஆள்தான். “இன்னா சார், நீங்களும் வேண்டிக்கினீங்களா?” என்றார். “இல்ல, பாக்கி” என்றேன். எனக்கு இருந்த முடிக்கு அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

“எதுக்கு நைனா?”

“பூதத்துக்குப் போர்வை பத்தலையாம்.”

“பூதமெல்லாம் பொய்யி. நீதான எழுதிக் கொடுத்த.”

“நான் எழுதினது தப்பு.”

இருபது வருடமாகப் பிறர் எழுதியதைத் தப்பு என்று சுழித்துச் சிவப்பு மை தீர்த்தவன் நான். என் எழுத்தை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து வந்தாள். குனியச் சொல்லி, என் தலையை முன்னும் பின்னுமாகத் தடவிப் பார்த்தாள்.

“உன்கிட்ட இருந்தது கொஞ்சம்தான். கர்ச்சீப்புக்குக்கூட ஆவாது” என்றாள். பிறகு, “சுவத்துல வை” என்றாள்.

வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது, வேறொன்றும் இல்லை. ஆனாலும், “திருப்பதி வண்டி வந்துகினு கீது” என்றேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அது போயி பத்து நிமிஷம் ஆச்சு நைனா.”

நான் கண்ணைத் திறந்தேன். பூதக் கதை சொன்ன நாட்களின் முகம் மெல்ல அவளிடம் திரும்பி வந்தது.

“புது மொட்ட இல்ல, அதான். பழகப் பழகக் கேக்கும்.”

தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினாள். அது பாதிதான் ஏறியது.

“நாளைக்கு இத்த போட்டுகினு போ. பசங்க தட்டுவாங்க. மொதல்ல ரெண்டு நாளைக்குத்தான் கஷ்டமா இருக்கும்.”

மறுநாள் காலை அவள் வெறுந்தலையோடு பள்ளிக்குப் போனாள். நான் சிவப்புத் தொப்பியோடு அரக்கோணத்துக்கு ரயிலேறினேன்.