ஜனாதிபதியின் தாய்மாமன்

பக்கத்துக் கதிரையில் இருப்பவள் நம்மைவிட நன்றாக இங்கிலிஷ் பேசினால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைந்து வருடங்கள் போயிருக்கும். அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் வந்தேறிகளுக்கென்று ஒரு பின்னேர இங்கிலிஷ் வகுப்பு நடந்தது. காலையில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி தரம் பிரிப்பேன். கையில் அந்த மணம் போகாமலே வகுப்புக்கு ஓடுவேன். அவளும் என்னோடு வருவாள். எங்கள் கட்டடத்தில் எனக்கு இரண்டு மாடி மேலே அவளுடைய வீடு. மன்னாரில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள். என்னைவிட இளையவள், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். நல்லவளும்கூட. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு பேரிடம் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பிரெஞ்சு என்பதால் வீட்டில் இங்கிலிஷ் மட்டும்தான் என்று வைத்திருந்தாள். தாயும் பிள்ளையும் படியில் இங்கிலிஷில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்ட நாளில், ஆசிரியையிடம் நான் எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் ஏதோ தொடங்க, மகள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மீதியைத் தானே பேசி முடித்தாள். எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஒரே ஒரு தடவை நான் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும், அதை இவள் இருந்து கேட்க வேண்டும். இங்கிலிஷ் வகுப்புக்கு நான் போனதே அதற்காகத்தான்.

எங்கள் வகுப்பு ஆசிரியை எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த அமெரிக்கக்காரி. தவணை முடிவில் குடும்பங்களை அழைத்து ஒரு விழா வைப்பதாகவும், எல்லோரும் ஒரே மனிதரைப் பற்றிப் பேசப்போவதாகவும் சொன்னார். மரக்குடிலில் பிறந்து, தாடி வைத்து, அடிமைகளை விடுவித்த அந்த ஜனாதிபதிதான். ஒரு சோடிக்குப் போர் கிடைத்தது, இன்னொரு சோடிக்கு மனைவி. எனக்கும் அவளுக்கும் கிடைத்தது ஜனாதிபதியின் தாய்வழிச் சொந்தங்கள். சோடியில் ஒருவர்தான் மேடையில் பேசலாம், யார் என்பதை ஆசிரியை பிறகு சொல்வார்.

நூலகத்தில் தேடும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். பேச்சு அவளுக்கு வரும், உழைப்பாவது எனக்கு வரட்டும் என்ற கணக்கு. போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த இங்கிலிஷ்காரருக்குச் சொந்தபந்தம் சொல்லவே தெரியாது. 'ஆன்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். யார் அது? பெரியம்மாவா, சின்னம்மாவா, மாமியா? பெரியம்மாவும் மாமியும் ஒன்றா? 'கசின்' என்று இன்னொரு சொல். மச்சானும் கசின், அண்ணனும் கசின், கட்டிக்கொள்ளக்கூடியவனும் கசின், கட்டிக்கொள்ளவே கூடாதவனும் கசின். இப்படி ஒரு குடும்பத்தில் செத்தவீடு நடந்தால் யார் எங்கே நிற்பது?

எனக்கு முறை தெரியாமல் மேலே போக முடியவில்லை. சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். ஜனாதிபதிக்கு ஒன்பது வயதில் தாய் இறந்துவிட்டார். தாயின் பிறப்பைப் பற்றியே ஆராய்ச்சிக்காரர் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அந்தத் தாய்க்குச் சகோதரன் என்று ஒருவரும் பேர் சொல்லும்படி இல்லை. ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு 'கசின்' வந்து நிற்கிறார். ஜனாதிபதியைவிடப் பத்து வயது மூத்தவர். தாய் சாகும் காலத்தில் அந்த வீட்டோடு வந்து சேர்ந்து, சிறுவனோடு ஒரே குடிலில் இருந்தவர். அவனுக்கு எழுதப் பழக்கியதே நான்தான் என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவர். யார் இந்த ஆள்?

கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். மூன்று சகோதரிகள் இருந்திருக்கிறார்கள். ஒருத்தியின் மகள் ஜனாதிபதியின் தாய். இன்னொருத்தியின் மகன் இந்தக் கசின். மூன்றாமவள் அந்த இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டில் வளர்த்தவள். பென்சிலை அழுத்தி இன்னொரு கோடு போட்டேன். அக்கா தங்கச்சியின் பிள்ளைகள் என்றால் அவர்களும் அக்கா தம்பிதானே! அப்படியானால் இவர் ஜனாதிபதிக்குக் கசினும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தாய்மாமன்! தாயில்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் தாய்மாமன் இருந்திருக்கிறார். இவ்வளவு தடிப்பான புத்தகங்களை எழுதியவர்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கே கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு முன்னால் அவளைக் கண்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஐயோ அக்கா, உண்மையாவோ?" என்று ஈரத் துவாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். "தாய்மாமனோ? அப்ப பேந்து என்ன ஆனார்?"

"பேந்து ஜனாதிபதியின்ர தகப்பன் ரெண்டாந்தாரம் முடிச்சார். அந்த மனுசி கூட்டிக்கொண்டு வந்த மகளை இந்த மாமன் கட்டினார்."

"மாமன் மருமகளையோ! எங்கட பக்கம் எண்டால் சனம் சும்மா விடுமே?"

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாள் தாங்கவில்லை.

அடுத்த வகுப்பில் ஆசிரியை வந்து உட்கார முன்னமே அவள் கையைத் தூக்கினாள். "நாங்கள் ஒன்று கண்டுபிடித்திருக்கிறோம்" என்று இங்கிலிஷில் தொடங்கினாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள்! நான் நூலகத்தில் கிடந்து முறிந்ததை அவள் தலை வாரிப் பூ வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆசிரியைக்குக் கண் விரிந்துவிட்டது. விழாவில் நீதான் பேச வேண்டும் என்று அந்த இடத்திலேயே அவளிடம் சொல்லிவிட்டார். அவள் என் தொடையில் தட்டி, "அக்கா, எங்களுக்குக் கிடைச்சிட்டுது" என்றாள். எங்களுக்காம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய பின்னல், அவளுடைய பல்வரிசை, சமைக்கத் தெரிந்த அவளுடைய கணவன் எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது.

அதன் பிறகு உடுப்புத் தோய்க்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். அவள் மேலே இருந்து மீன் கட்லெட் செய்து அனுப்பினாள். கோபத்தோடுதான் சாப்பிட்டேன். கட்லெட் திறமாக இருந்தது. அதற்கும் எரிந்தேன்.

விழா நாளில் மகளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். "நீங்க பேசுறீங்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் நான்?" என்றாள். நான் நடையைக் கூட்டினேன். வகுப்பறையில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் அவளுடைய மகன், தலை நிறைய எண்ணெய் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தான்.

அவள் நீலச் சேலையில் மேடைக்குப் போனாள். காகிதம்கூட இல்லை. தாயின் கதை, தாய்க்குச் சகோதரன் இல்லாதது, மூன்று சகோதரிகள், கசின் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அவர் கசின் இல்லை, தாய்மாமன் என்ற இடத்தில் நிறுத்தினாள். "இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அதோ இருக்கிற என் அக்கா" என்று கையைக் காட்டினாள். சபை முழுவதும் கை தட்டியது. யாருக்கு? எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் தட்டினார்கள். எவ்வளவு பெரிய மனம் என்று பக்கத்தில் ஒரு மனுசி நெஞ்சில் கை வைத்தாள். பேச்சும் அவளுக்கு, இப்போது நல்லவள் என்ற பேரும் அவளுக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: தாய்க்குச் சகோதரனே இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பிறகு எப்படி மாமன் வந்தார்?

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கன்னியாஸ்திரிமார் இதற்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. கடைசியில், "மாமன் மாதிரி ஒருவர்" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாதிரி இல்லை! மாமாவேதான்!" என்று எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு இங்கிலிஷ் ஒரு சொல்லும் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் மகளைப் பார்த்துத் தமிழில் கத்தினேன்: "லவாலில இருக்கிற எங்கட லவால் மாமா என்ர கூடப்பிறந்தவரே? அவர் அம்மம்மாவின்ர தங்கச்சி மகன். நீ அவரை என்னெண்டு கூப்பிடுறனீ?"

"மாமா" என்றாள் மகள்.

"ஏன் கசின் எண்டு கூப்பிடேல்லை?"

அவள் கதிரையின் நுனிக்கு வந்தாள். பிறகு, "ஓ! அந்தக் கசின் ஜனாதிபதிக்கு லவால் மாமா!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு எழுந்தாள். நான் பேசச் சொல்லவுமில்லை, தடுக்கவுமில்லை. சபையைத் திரும்பிப் பார்த்து, பிரெஞ்சும் இங்கிலிஷுமாகக் கலந்து விளக்கத் தொடங்கினாள். எங்கள் மொழியில் அம்மாவின் சகோதரியும் அம்மாதான், அவருடைய பிள்ளைகள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிதான், கசின் என்று யாருமே இல்லை என்றாள். நடுவில் நிறுத்தி, "அம்மா, கலியாணத்தில மாமாக்கு என்ன வேலை?" என்று என்னிடம் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். ஒரு சொல் விடாமல் அதையும் எடுத்துச் சொன்னாள். நான் சொல்ல, அவள் சொல்ல, கேள்வி கேட்டவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என் பேச்சை அப்படி ஏந்திக்கொள்ள என் பிள்ளைக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

முன் வரிசையிலிருந்த அந்தச் சிறுவன் மேடைக்கு ஓடிப்போய்த் தாயின் சேலையை இழுத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இங்கிலிஷில் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு தரம் கேட்டான். அவள் என் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விழா முடிந்து கோட் மாட்டும் இடத்தில் என்னிடம் வந்தாள். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"உங்கட பிள்ளைக்கு எப்பிடியக்கா இவ்வளவு தமிழ் விளங்குது?" என்றாள். குரல் வழமையான குரல் இல்லை.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தவணை முழுவதும் என் தொண்டைக்குள் இருந்தது அதுதான்.

"வீட்டில அதுதானே கதைக்கிறனாங்கள்" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

அவள் குனிந்து மகனின் ஜாக்கெட் சிப்பை இழுத்தாள். சிப் எப்போதோ கழுத்துவரை ஏறிவிட்டது. ஆனாலும் அவள் நிமிரவில்லை.