முதல் முடி வைத்த வீடு

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தினேன். மனிதர்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள் என்ற பாடம் எனக்குப் பிடித்தமானது. வறட்சி, வெள்ளம், போர், பிழைப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பக்கத்து வயல்காரனின் வாய் என்று ஒரு காரணத்தை நான் எழுதியதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த காரணம்.

எங்கள் வயல் நன்னிலத்துக்குத் தெற்கே. வயலுக்கும் சாலைக்கும் நடுவே, வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கில் ஒரு கூரை வீடு இருந்தது. எங்கள் வயலில் தலைமுறைகளாகப் பாடுபட்ட குடும்பம். ஒவ்வொரு நடவிலும் முதல் முடி நாற்றை அந்த வீட்டுப் பெண்தான் வைப்பாள். அந்த வாய்க்கால் வெட்டுவதற்கு முன்பே அவர்கள் இங்கே இருந்தார்கள், அதனால் அவர்கள் கைதான் முதலில் படவேண்டும் என்பார் அப்பா. வெற்றிலை பாக்கோடு புடவை கொடுப்போம். வீட்டுக்குள் விடமாட்டோம்.

அறுவடை மெஷின் வந்த பிறகு அந்த வீடு எனக்கு இடைஞ்சலானது. மெஷின் வயலில் இறங்க வேறு வழியில்லை. அந்தச் சமயத்தில் அந்த வீட்டுப் பெரியவர் மனைப்பட்டா கேட்டு மனுப் போட்டார். விசாரிக்க வந்த அதிகாரி, வாத்தியார் சொன்னால் போதும் என்று நேராக என்னிடம் வந்தார். அவர்களுக்குப் பூர்வீகம் எது என்று கேட்டார்.

"பஞ்சம் பொழைக்க ராமநாதபுரம் பக்கத்துலேருந்து வந்தவங்க. இந்த ஊர்க்காரங்க இல்ல" என்றேன்.

அதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மனுப் போட்டவர் என் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். மனு தள்ளுபடியானது. ஆக்கிரமிப்பு என்று வீட்டைப் பிரித்தார்கள். அவர்கள் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தார்கள். அந்தத் தை மாதம் மெஷின் அவர்கள் வீடிருந்த மண்மேட்டின் மேல் ஏறித்தான் என் வயலுக்குள் இறங்கியது. பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்தவர்களுக்கு உதாரணமாக அவர்களை வகுப்பிலும் சொன்னேன்.

போன மாதம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். மக்கள் எங்கிருந்து எங்கே நகர்ந்தார்கள் என்று மரபணுவில் தேடுகிறார்களாம். சின்னக் குழாயை நீட்டினாள். எச்சில் துப்பிக் கொடுத்தேன். எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஏழு என்றேன், பெருமையாக. மூடியைத் திருகிக்கொண்டே அவள் சொன்னாள்:

"எங்க தாத்தா உங்கள ஐயான்னு சொல்வார். நான் சார்னே கூப்பிடுறேன். வாய்க்கால் ஓரத்து வீடு, ஞாபகம் இருக்கா சார்?"

தாத்தா திருப்பூரில் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். இதுதான் என் ஊர் என்று ஒரு தாளிலாவது பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்கிறாராம். அவள் தன் குடும்பத்தாரின் எச்சிலையும் எடுத்திருக்கிறாள். அவர்களுடைய படிவத்தில் பூர்வீகம் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அரசாங்கத் தாளில் இருப்பது என் வாக்குமூலம் அல்லவா.

"அதான் மரபணு இருக்கேம்மா, அதுலயே தெரிஞ்சிடுமே" என்றேன். தப்பிக்கத்தான் சொன்னேன்.

"ஆயிரம் ரெண்டாயிரம் வருஷத்துக் கதை கொஞ்சம் தெரியும் சார். எந்த வாய்க்கால் கரைன்னு அதுல இருக்காது. அத மனுஷங்கதான் சொல்லணும்."

அப்போது ஒப்புக்கொண்டேன். அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அது அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். எழுதித் தரச் சொல்லி வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள். எனக்குக் கை வரவில்லை. அந்த மண்மேட்டில் என் மகன் கான்கிரீட் பாதை போட்டிருக்கிறான். அவனைக் கேட்டுவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

"அன்னைக்கு நீங்க யாரையும் கேக்கல சார்" என்றாள். போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

மகன் எட்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுக்குப் பூர்வீகம் இந்த ஊர்தானா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. போனில் கேட்டதற்கு, இப்போது எதற்கு அந்தப் பழைய கதை என்றான். நானும் சும்மா இருந்தேன். அந்த வாரம் குறுவை நடவு. நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் முடியை யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பத்தாம் நாள் எழுதினேன். நான்கு வரிதான். முகவரி கேட்க அவளுக்குப் போன் செய்தேன்.

"தாத்தா செவ்வாக்கிழமையே போயிட்டார் சார். பரவாயில்ல, அனுப்புங்க. ஃபைல்ல வைக்கணும்."

அனுப்பிவிட்டேன். என் எச்சிலை அன்றைக்கே கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிட்டேன். அந்த நான்கு வரிக்குத்தான் பத்து நாள் ஆயிற்று.