எமனுக்கு அவன் சொன்ன பதில்

எழுபதுகளில் இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பஞ்சம் வந்த வருஷமும் மாசியில் காமன் கூத்து ஆடினோம். கோதுமை மாவுக்கே வழியில்லாத காலம். சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் எங்கிருந்தாவது கேட்டால் என் மச்சான் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைக் கீழே வைத்துவிடுவான். என் தாய்மாமன் மகன். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஓயாத இருமல். அடுத்த தப்பு தனக்குத்தான் என்று நம்பியிருந்தான்.

கூத்தில் அவன் ரதி, சிவன் எரித்த காமனின் பெண்சாதி. எமன் வேஷம் வீட்டுக்கு ஆகாது என்று யாரும் கட்ட மாட்டார்கள். ஊர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு வீடே இல்லை; நான் கட்டினேன். எங்கள் தோட்டத்து வழக்கப்படி ரதி பாடியதும் எமன் மூன்று தடவை கயிறு வீசி, மூன்றையும் தவறவிட்டுப் பின்வாங்க வேண்டும்.

அந்தப் பாட்டை மலையில் கத்தி பிடித்தபடியே அவன் கட்டியிருந்தான். வரிசை வீடுகளான லயத்து முற்றத்தில் சேலை கட்டி நின்று என் முகத்துக்கு நேரே பாடினான்:

"வாடா எமா, வந்து குந்து,
வாசப்படி தாண்டிப் பாரு,
மாவில்லாத பானைக்குள்ள
மடியிலள்ள என்ன இருக்கு?
உசுருதானே வேணும், தாறேன்;
ஒரு நாளைக்கு மலையிலேறி
கூடை ரொம்பக் கொழுந்தெடுத்துக்
கொண்டாந்து நீ காட்டு மொத."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏய் எமா, காலையில வேலைக்குப் போற பெரட்டுக்குப் பேரு குடுத்துட்டியா?" என்று ஒரு கிழவி கேட்டாள். மச்சான் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் பாட்டுக் கட்டுகிறவன் என்று காட்ட நினைத்தேன்.

"சிரிச்ச வாயப் பாத்து வச்சேன்,
சீக்கிரமா வந்திடுவேன்;
இருமிக்கிட்டே பாடுறவனே,
இன்னைக்கே நீ கெளம்பு முன்னே."

பாடியபடியே கயிற்றை வீசினேன். அது அவன் கழுத்தில் விழுந்தது. சிரிப்பு நின்றுபோனது. அவன் கயிற்றை எடுக்கவில்லை. வெறுமனே தொட்டுப் பார்த்தான். அவன் பெண்சாதிதான் ஓடி வந்து கழற்றினாள்.

"கூத்துன்னா கூத்தா ஆடணும்ணே. இது என்னா வேல?"

எரிந்த காமனை மூன்றாம் நாள் உயிரோடு எழுப்புவதற்குள் நான் ஊரை விட்டுப் போய்விட்டேன்.

ஆடி மழையில் திரும்பி வந்தபோது அவன் படுக்கையில் கிடந்தான். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"ஒனக்குப் பதில் கட்டி வச்சிருக்கேன் மச்சான். ஒன் பாட்டப் பாடு."

"வேணாம்டா."

"எமன் பாடாம ரதி எப்படிப் பாடுறது? பாடுடா."

அந்த நாலு அடியும் என் நாக்கில் இருந்தது. ஆனால் அவன் எலும்பைப் பார்த்துக்கொண்டு "கெளம்பு" என்று எப்படிப் பாடுவது? இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். வெளியே வந்து கூரை இறவாணத்துக்குக் கீழே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவன் பெண்சாதி என் பாட்டைப் பாடுவது கேட்டது. ஓர் எழுத்துத் தவறவில்லை. பிறகு அவன் குரல், மூச்சு வாங்கி வாங்கி. தகரத்தில் மழை, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. முடிந்ததும் அவள் சிரித்தாள். அவனும் இருமலோடு சிரித்தான்.

அந்த வாரமே போய்விட்டான். கடைசி வரை பயப்படவில்லை என்றார்கள். நான் பக்கத்தில் இல்லை.

பிறகு கொத்மலை அணை வேலைக்குப் போயிருந்த காலத்தில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவன் பெண்சாதியைக் கண்டேன். தலை நரைத்திருந்தது.

"ஏண்ணே, அவரு பாடுனது என்னான்னு கேக்கவே மாட்டீங்களா? எனக்கு மனப்பாடம்."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். அது கொட்டகலைக்குப் போகிற பஸ். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.