சைலன்சர் யாரை நம்பினாள்

எங்கள் தையல் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சைலன்சர். திட்டினாலும் அதே முகம், பாராட்டினாலும் அதே முகம். பக்கத்து மெஷினில் காஜா போடுகிற நான் அவளுக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் எங்கள் லைனில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

அவள் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முந்தைய இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்து, நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதனால் இந்த முறை விடாமல் கேட்டேன்.

"சந்தோஷமா இருக்கியாடி?"

"தெரியலக்கா."

"பயமா இருக்கா?"

"அதுவும் தெரியல. எல்லாம் மரத்துப் போன மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்று ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் படியே ஏறாதே என்றார். செக்கிங்கில் இருப்பவள் நல்லா ஏறி இறங்கு, சுகப்பிரசவம் ஆகும் என்றாள். புருஷன் போனில் ஏதோ ஆப் போட்டுக் கொடுத்தான். வாரா வாரம் குழந்தை இன்ன பழம் அளவு இருக்கிறது என்று அது படம் காட்டும். இரண்டே நாளில் அதை அழித்துவிட்டாள். ஏன்டி என்றேன்.

"போன தடவயும் எலுமிச்சம்பழம் வரைக்கும் வந்துச்சுக்கா."

நான் என் காஜாவுக்குத் திரும்பிவிட்டேன்.

எல்லாரையும் மிஞ்சியவள் அவளுடைய மாமியார். பார்சல் ஆபீசில் பெட்டி ஒட்டுகிற வேலை. ஒட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் மருமகளுக்கு வீடியோ அனுப்புவதுதான் பொழுதுபோக்கு. எதைத் திறந்தாலும் பின்னால் ஒரு அழுகை மியூசிக், முன்னால் 'கர்ப்பிணிகளே எச்சரிக்கை' என்று ஒரு குரல். அந்த அம்மாவை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் போனைப் பிடுங்கி, "இத அனுப்புறதுக்குப் பதிலா ரெண்டு ஆப்பிள் அனுப்பச் சொல்லுடி" என்றேன். சைலன்சர் எல்லாவற்றையும் கேட்டாள், ஒன்றையும் நம்பவில்லை, ஒன்றையும் மறுக்கவுமில்லை.

நாங்கள் சிரிப்பு நர்ஸ் என்று பெயர் வைத்தவர் போனில் வந்தது அதற்குப் பிறகுதான். பிரசவ வார்டில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ், வாரம் ஒருமுறை பேசிப் பதிவு செய்து போடுகிறார் என்று செக்கிங்காரி கொண்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் நூல்கண்டு அடுக்கின் மேல் போனை வைத்து எல்லாரும் கேட்போம்.

"கால் வீங்குதா? பெரிய செருப்பா வாங்குங்க. முகமும் கையும் சேந்து வீங்கி, தலவலி விடாம இருந்து, கண்ணும் மங்குதா? அப்ப செருப்புக் கடைக்குப் போகாதீங்க தாயி, நேரா எங்ககிட்ட வாங்க. செருப்ப நான் பாத்து எடுத்துத் தரேன்."

லைனே சிரித்தது. பொம்பளைங்க சமாச்சாரம் நமக்கெதுக்கு என்று தள்ளி நின்ற சூப்பர்வைசர்கூட டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்துவிட்டார். இன்னொரு வாரம் யாரோ கேட்ட கேள்விக்கு, "இது எனக்குத் தெரியாதும்மா, டாக்டரக் கேட்டுட்டு வரேன்" என்றார் நர்ஸ். அடுத்த வாரம் பதிலோடு வந்தார். அதற்கடுத்த வாரம், முன்பு சொன்னதில் ஒன்று தப்பு என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

"இந்தம்மா தெரியாததத் தெரியாதுன்னு சொல்றாங்கக்கா. இவங்கள நம்பலாம்" என்றாள் சைலன்சர். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எட்டாம் மாதம் ஆனது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "வேலைக்கு வந்தா நல்லா ஆடுதுக்கா. வீட்டுல இருந்தா தூங்குது" என்பாள்.

"லீவுன்னா தூக்கமா? அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள். மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து எங்கள் கையும் காலும் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்து பஸ்சில் போகும்போதும் விரல் நுனியில் அந்த அதிர்வு விடாது. அவளுடைய வயிறு மெஷின் மேசையின் விளிம்பை முட்டிக்கொண்டிருந்தது. ஆடியது எது என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. போதாக்குறைக்கு மாமியாரிடமிருந்து ஒரு வீடியோ: கடைசி மாதங்களில் உள்ளே இடம் இல்லாததால் பிள்ளை அசைவது குறையும், பயப்பட வேண்டாம்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் இதைப் பற்றியே பேசினார். "இடம் பத்தலன்னு பிள்ள ஆடாம இருக்கும்னு எவனோ கத கட்டி விட்டிருக்கான். நம்பாதீங்க. பஸ்ல போறப்பவோ மெஷின்ல உக்காந்திருக்கப்பவோ பாக்காதீங்க, ஒண்ணும் தெரியாது. அமைதியா இடது பக்கம் சாஞ்சு படுத்து கவனிங்க. எப்பவும் ஆடுறதவிடக் குறைஞ்சிருந்தா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே வாங்க. ஒண்ணும் இல்லன்னா சிரிச்சுட்டு அனுப்பிடுவோம்."

சைலன்சர் டிபன் பாக்சைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மெஷினை ஓட்டினாள். "இதோ ஆடுதுக்கா" என்றாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது; மெஷினில் பார்க்காதே என்று நர்ஸ் சொன்னது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. அத்தனை மெஷினும் ஒரேயடியாக நின்றதில் காது அடைத்துப் போனது. சைலன்சர் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மெஷின் நின்னதும் பிள்ளயும் நின்னுடுச்சு."

இத்தனை நாளும் ஆடியது மெஷின்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டிங் மேசையில் துணியை விரித்து அவளை இடது பக்கமாகப் படுக்க வைத்தோம். தண்ணீர் கொடுத்தோம். காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி ஆடியதா என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்றாள். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் பழக்க தோஷத்தில் டார்கெட் என்று வாயெடுத்தார்.

"டார்கெட்ட நீயே தச்சுக்கய்யா! முதல்ல வண்டிய எடு!" என்று கத்திவிட்டேன். மனுஷன் சரக்கு வேனின் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிள்ளையின் இதயத் துடிப்பு இருந்தது, ஆனால் விழுந்து விழுந்து எழுந்தது. உடனே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கையகலம் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, தேறி, ஒருவழியாக வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நான் பார்க்கப் போனபோது ஒரே அறையில் கட்டில், தொட்டில், கொடி நிறையத் துணி. குழந்தை நன்றாக இருந்தாள். சைலன்சர் பால் கொடுத்தாள், தோளில் போட்டுத் தட்டினாள், துணி மாற்றினாள். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

"அழகா இருக்காடி" என்றேன்.

"அக்கா, எனக்கு இவ மேல ஒண்ணுமே தோணல." குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "உசுரோட இருக்கா, அது போதும்னு இருக்கு. அதுக்கு மேல யாரு பிள்ளயவோ பாத்துக்குற மாதிரிதான் இருக்கு. நான் என்ன பொம்பளக்கா?"

மாமியார் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். போச்சுடா, இப்போது ஒரு வீடியோ வரப் போகிறது என்று நினைத்தேன்.

அவர் உள்ளே வந்து துணியைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். மருமகள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உம் புருஷனப் பெத்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தூக்கவே பிடிக்கல. அழுதா காதப் பொத்திக்குவேன். வெளியில சொன்னா பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம் எப்படி அத்த சரியாச்சு?"

"ரொம்ப நாள் ஆச்சு. ஒருநாள் பாத்தா அவன் இருமுனா எனக்கு நெஞ்சு வலிக்குது. எப்ப வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. நீ என்ன மாதிரி வாய மூடிக்கிட்டு இருக்காத. நாளைக்குச் செக்கப்புல இதையும் டாக்டர்கிட்டச் சொல்லு. நான் கூட வரேன், நானும் சொல்றேன்."

"இத யாருகிட்டயும் சொன்னதில்லயா அத்த?"

"உங்கிட்டதான்."

சைலன்சர் குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு, நகர்ந்து, கட்டிலில் மாமியாருக்கு இடம் விட்டாள்.

"இன்னும் சொல்லுங்க அத்த" என்றாள்.